பார்க்கலாம் சாரின் ஏழு நாள்

மார்ச் 3
மொட்டை மாடியில் சூரிய மின்தகடு வைக்க நான் வேலை பார்க்கும் நகராட்சியில் பதினொரு கையெழுத்து வேண்டும். ‘புகையில்லா நகரம்’ என்ற பலகை மட்டும் வாசலில் பளபளவென்று இருக்கிறது. நானூறு வீடு காத்திருக்கிறது. பதினொன்றை ஒன்றாக்கும் விதியை இன்று எழுதி முடித்துவிட்டேன். தலைகால் புரியவில்லை.

மார்ச் 5
கோப்பை ஆணையரிடம் வைத்தேன். எதைக் கொடுத்தாலும் “பார்க்கலாம்மா” என்பார். பிறகு அதை யாரும் பார்த்ததில்லை. அதனால் பெயரே பார்க்கலாம் சார். ஆனால் இப்போது மேலிடத்து ஆணை ஒன்று இருக்கிறது: சூரிய மின்சாரக் கோப்புக்கு ஏழு நாளில் பதில் சொல்லாவிட்டால் ஒப்புதல் தந்ததாகவே பொருள். அந்த ஆணையும் 12-ஆம் தேதியோடு முடிகிறது. அதுவரை அவர் வழக்கம்போல் சும்மா இருந்தால் போதும். கடவுளே, அவருக்குச் சுறுசுறுப்பு வந்துவிடக் கூடாது.

மார்ச் 7
கோப்பின் மேல் அவருடைய டிபன் டப்பா. தங்கமான மனுஷர்.

மார்ச் 9
“என்னடி, தானா சிரிக்கிற?” என்றாள் அக்கா. அந்த நானூறில் அவள் வீடும் ஒன்று. இரண்டு வருடமாக என்னைக் குத்திக் காட்டுகிறாள். சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும்.

மார்ச் 11
போச்சு. டப்பாவை நகர்த்தி வச்சுட்டு கோப்பைப் பிரிச்சுப் படிக்கிறார். கையில பேனா வேற. ‘விளக்கம் தேவை’ன்னு ரெண்டு வார்த்தை எழுதினா எல்லாம் அவ்வளவுதான். இன்னிக்குன்னு பார்த்தா இந்த மனுஷனுக்கு வேலை செய்யத் தோணணும்?

மார்ச் 12
ஐந்து மணிக்குக் கூப்பிட்டார். கோப்பில் ஓர் எழுத்துகூட இல்லை.

“நான் கையெழுத்து போட்டா, அதிகாரம் போற அந்தப் பத்து பேரும் என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. போடலைன்னா மறதிக்காரன்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். நீ நல்லா எழுதியிருக்கேம்மா, மூணு தடவை படிச்சேன்.”

இவரையா இத்தனை வருடம் கிண்டல் பண்ணினேன்? கழிப்பறைக்குள் போய்ச் சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் — அதுவும் சந்தோஷம்தான்.

மார்ச் 28
மின்தகடு பொருத்தும் ஒப்பந்தக்காரர் மூச்சு வாங்க வந்து நின்றார். “ஒரே வாரத்துல தொண்ணூறு வீட்டுக்கு அனுமதி குடுத்தா எப்படிங்க? என்கிட்ட இருக்கிறதே மூணு ஏணி. கொஞ்சம் மெதுவா குடுங்க.”

நகராட்சியைப் பார்த்து ஒருவர் இப்படிக் கேட்டு நான் கண்டதே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். பல் தெரியாமல் கேட்க எவ்வளவோ முயன்றேன்.