செத்த பிறகு சிரிக்க வேண்டும்

பிப்ரவரி 11, 1985 – திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. எதிர்வீட்டு ஃபெர்னாண்டஸிடம் ஒரு வாளி கடன் வாங்கிக் குளித்து, நீலப் புடவை கட்டிக்கொண்டு பாந்த்ராவிலிருந்து அந்தேரி ஆபீஸுக்குப் போனேன். கதாநாயகி என்றால் புடவைதான் எடுபடும். மூன்று படமாக கோப்ஜி சொல்லி வருகிறார், அடுத்ததில் நீதான் ஹீரோயின் என்று. அந்த அடுத்தது இதுதான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு போனேன்.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கோப் மீர்புரி, பேய்ப் பட முதலாளி, டைரக்டர், சிந்திக்காரர். காரியம் ஆகவேண்டும் என்றால் ஒழிய யாருக்கும் எழுந்து நிற்க மாட்டார்.

"பிலோ, ஹீரோயின் யார் வேணா பண்ணலாம். ரத்தக்காட்டேரிய நீ ஒருத்திதான் பண்ண முடியும்."

யார் வேணா பண்ணலாம் என்றால் நான் ஏன் பண்ணக்கூடாது? அங்கே கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியிடம் கேட்டேன். முப்பத்தைந்து வயது, நீளமான தாடை, கண்ணுக்குக் கீழே கருமை. கண்ணாடியும் கோப்ஜி கட்சிதான்.

படத்துக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. 'ஹவேலி', அதாவது பழைய மாளிகை, என்ற சொல் வரும், அது மட்டும் நிச்சயம்.

பிப்ரவரி 14 – வியாழன்

அந்த 'யார் வேணா' வந்துவிட்டாள். பெயர் கேதகி பட்நாகர், ஊர் டேராடூன். கல்லூரி நாடகத்தில் பரிசு வாங்கியவளாம். இரண்டு கன்னத்திலும் குழி. ஒன்று போதாதா?

குனிந்து என் காலைத் தொட்டாள். "உங்க படம் பாத்துட்டு ஒரு வாரம் பாத்ரூம் போக அம்மாவ துணைக்குக் கூப்பிட்டேன் ஆன்ட்டி. அப்ப நான் ஆறாங்கிளாஸ்."

ஆன்ட்டி. ஆறாங்கிளாஸ். ஒரே மூச்சில் இரண்டு அறை. சிரித்துக்கொண்டே நன்றாக இரும்மா என்றேன்.

பிப்ரவரி 22 – வெள்ளி

முகூர்த்தம். முதல் ஷாட்டில் காட்டேரி வரக்கூடாது, அபசகுனம். எத்தனையோ படமாக இதே வழக்கம்தான், இன்றுதான் உறைத்தது. கேதகி சிவப்புச் சேலையில் கேமராவுக்கு ஆரத்தி எடுத்தாள். நான் பின்வரிசையில் ஜெனரேட்டர்காரர்களோடு நின்று பேடா தின்றேன். தேங்காய் உடைத்தபோது சில்லு ஒன்று தெறித்து என் கால் விரலில் பட்டது. அதற்குக்கூட நான்தான் கிடைத்தேன்.

மார்ச் 12 – செவ்வாய்

மட் தீவு பங்களாவில் ஷூட்டிங். படத்தில் இரவு, வெளியே பட்டப்பகல். கேமராவுக்கு நீலக் கண்ணாடி மாட்டிவிட்டால் உச்சிவெயில் நிலவொளி ஆகிவிடும். வெயில் பட்டால் சாம்பலாகும் காட்டேரி நான், கறுப்பு அங்கியோடு மொட்டை மாடியில் மூன்று மணிநேரம் நின்றேன். மேக்கப்காரர் பாபன், முகத்திலிருந்து வழிந்த மெழுகை விரலால் மறுபடி மேலே ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தார். கேதகிக்குக் குடை பிடிக்க ஒரு ஆள்.

சாப்பாட்டு வேளையில் ஒன்று நடந்தது. கோப்ஜி வீட்டு டிபன் கேரியரில் தாமரைத்தண்டு வறுவல் வரும். இத்தனை வருஷமாக அது என் தட்டுக்குத்தான் வரும். கேட்காமலே வரும். இன்று அவள் தட்டுக்குப் போனது. அவளுக்கு அது என்னவென்றுகூடத் தெரியவில்லை, உருளைக்கிழங்கா என்று கேட்டாள். கோப்ஜி பெருமையாக விளக்கினார்.

எனக்கும் கோப்ஜிக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது, ஒரு நாளும் இருந்ததில்லை. பிறகு ஏன் ஒரு வறுவலுக்காக இப்படிக் கணக்குப் பார்க்கிறேன்? வறுவல் மட்டும்தானா அது?

மார்ச் 13

இன்றும் அவளுக்குத்தான்.

மார்ச் 19 – செவ்வாய்

அவள் கழுத்தைக் கடிக்கும் காட்சி. கடிப்பது போல் பாவனை செய்தால் போதும், தோளுக்குப் பின்னாலிருந்து பாபன் சர்க்கரைப் பாகு ரத்தத்தைப் பீய்ச்சுவார். அவள் கழுத்தில் பவுடர் வாசனை, கைக்குழந்தை வாசனை. பக்கத்தில் பார்த்தால் ஒரு சுருக்கம் இல்லை. எப்படி இருக்கும்? நேற்றுத்தானே பிறந்தாள்.

ஷாட் முடிந்ததும் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். "ஆன்ட்டி, நிஜமாவே கடிச்சிட்டீங்க."

காட்டேரிப் பல் வழுக்கிவிட்டது என்றேன். அவள் போட்ட அலறல்தான் படத்திலேயே நன்றாக வந்திருக்கிறது என்று கோப்ஜி அவளைத் தட்டிக்கொடுத்தார். கடித்தது நான், பாராட்டு அவளுக்கு. இது எந்த ஊர் நியாயம்?

மார்ச் 24 – ஞாயிறு

தவக்காலம் என்பதால் சர்ச்சில் பாவசங்கீர்த்தனம். ஒவ்வொரு படத்திலும் சிலுவையைக் கண்டு சீற வேண்டியிருக்கிறது, வழக்கம்போல் அதைச் சொன்னேன். சாமியாரும் வழக்கம்போல் அது நடிப்புதானே மகளே என்றார். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒரு பெண் கீழே விழ வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருந்தால் நினைப்பதை நிறுத்த வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 4 – வியாழன்

நாளை பெரிய வெள்ளி. நான் இன்றே செத்துவிட்டேன்.

உச்சிவெயிலில், அதாவது நள்ளிரவில், ஹீரோ என் மார்பில் திரிசூலத்தை இறக்கினான். நான் கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். கேதகி பக்கத்தில் மண்டியிட்டுத் துர்க்கையை வேண்டி ஒரு வசனம் பேச வேண்டும். நீளமான வசனம்கூட இல்லை. மறந்தாள். திரும்ப எடுத்தார்கள், திரும்ப மறந்தாள். சர்க்கரை ரத்தத்துக்கு எறும்பு வந்து என் காது வழியாக ஊர்கோலம் போயிற்று. நான் அசையவில்லை. அதிலும் எனக்கு ஒரு திமிர்.

கடைசியில் கோப்ஜி வெடித்தார். முதல் தடவையாக அவளிடம், எல்லார் முன்னிலையிலும். "டேராடூன்ல ரயில் ஏறிட்டா நடிகை ஆயிடுவியா? செத்துக் கிடக்கிறவ உன்ன விட நல்லா நடிக்கிறா."

கண்ணை மூடியிருந்த எனக்கு அது பூசைப் பாட்டுபோல் கேட்டது.

அடுத்த டேக்கில் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். ஓகே ஆயிற்று. எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாவு ஷாட் முடிந்ததும், கேமரா நிற்பதற்குள், செத்தவர் கண்ணைத் திறந்து லென்ஸைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாவு ஆளோடு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். எடிட்டிங்கில் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுவார்கள். நானும் எத்தனையோ தடவை செத்து, பல் டாக்டரிடம் ஈறைக் காட்டுவதுபோல் சிரித்திருக்கிறேன்.

"பிலோ, சிரி" என்றார் கோப்ஜி.

கண்ணைத் திறந்தேன். லென்ஸ். லென்ஸுக்குப் பக்கத்தில் எழுந்து நின்ற கேதகி. மை வழிந்து கன்னக்குழியில் தேங்கியிருந்தது. மூக்கை உறிஞ்சினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பல் டாக்டர் சிரிப்பு இல்லை. அடிவயிற்றில் கிளம்பி, மெதுவாக, உதட்டின் ஒரு பக்கம் மட்டும் ஏறிய சிரிப்பு. கேமராமேன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு என்னை நேரடியாகப் பார்த்தார்.

வெட்கமா இருக்கா பிலோ? இல்ல. இங்க கூட பொய் எழுதினா வேற எங்க போய் உண்மைய சொல்றது?

ஏப்ரல் 7

ஈஸ்டர். திருப்பலி நடுவில் அவள் மூக்கை உறிஞ்சியது ஞாபகம் வந்து மறுபடி சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அண்ணி முறைத்தாள்.

ஆகஸ்ட் 2 – வெள்ளி

படம் ரிலீஸ். நான் பார்க்கப் போகவில்லை, போயிருக்கவும் மாட்டேன். மத்தியானம் பாபன் போன் செய்து, அந்தச் சிரிப்பு படத்தில் வந்துவிட்டது என்றார். கடைசி ரீல் அவசரத்தில் போயிருக்கிறது, எடிட்டர் மாத்தூர் அந்தத் துண்டை வெட்ட மறந்துவிட்டார். ஹீரோ ஹீரோயினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறான், கீழே பிணம் கண்ணைத் திறந்து சிரிக்கிறது, உடனே 'சமாப்த்', அதாவது முற்றும், என்று போட்டுவிடுகிறார்கள். எல்லாப் பிரிண்டிலும் இதே கதி. கோப்ஜி மாத்தூரின் சட்டையைப் பிடித்துவிட்டாராம்.

ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கப் போகுது. இத்தனை வருஷம் பயமுறுத்தினேன், அது ஒண்ணுதான் இருந்துச்சு எங்கிட்ட. அதுவும் போச்சு.

ஆகஸ்ட் 5 – திங்கள்

முக்காடு போட்டுக்கொண்டு கிராண்ட் ரோடு தியேட்டருக்கு மேட்னி பார்க்கப் போனேன். அவமானம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான்.

கேதகி வரும்போதெல்லாம் பக்கத்து ஸீட்காரர் வேர்க்கடலை உரித்தார். பாட்டு வந்தால் பாதிப் பேர் பீடிக்கு வெளியே போனார்கள். கடைசியில் திரிசூலம் இறங்கியது, ஜனம் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தது. அப்போது நான் கண்ணைத் திறந்தேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். என் முன்னால் ஒரு தாய் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள், தன் கண்ணைப் பொத்த மறந்துவிட்டாள். விளக்கு எரிந்த பிறகுதான் மூச்சுவிடும் சத்தமே கேட்டது, பிறகு விசில். வெளியே படியிறங்கும்போது ஒரு பெண் தன் புருஷனிடம் கேட்டாள், ஹீரோயின் யாருங்க என்று. "எவளோ ஒருத்தி. அந்தக் காட்டேரி நம்மள பாத்து ஏன் சிரிச்சா, அத சொல்லு" என்றான் அவன்.

நடைபாதையில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஆகஸ்ட் 16

கான்பூரிலும் நாக்பூரிலும் கூட்டம் தாங்கவில்லையாம். அந்தச் சிரிப்பு தன் யோசனைதான், யூனிட்டுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன் என்று கோப்ஜி பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருக்கிறார். மாத்தூருக்குத் தாமரைத்தண்டு வறுவல் போயிற்று என்று பாபன் சொன்னார்.

அக்டோபர் 21 – திங்கள்

ஆபீஸ் வாசல் பெஞ்சில் கேதகி. வேறு படம் ஒன்றும் வரவில்லையாம். டேராடூனுக்குத் திரும்பினால் கல்யாணம் பண்ணிவைத்துவிடுவார்கள் என்றாள். சுவரில் இரண்டாம் பாகத்தின் போஸ்டர், முழுக்க என் முகம். அவள் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். "தீதி, நீங்க சொன்னா கோப்ஜி கேப்பாரு" என்றாள். ஆன்ட்டி போய் அக்கா ஆகிவிட்டேன்.

உள்ளே கோப்ஜி எழுந்து நின்றார். "உனக்கு ஹீரோயின்தானே வேணும்? இந்தப் படத்துல நீதான் ஹீரோயின். வாக்குன்னா வாக்கு."

காதில் தேன். ஒரு நிமிஷம்தான் அந்தத் தேன்.

"அப்ப காட்டேரி?"

"அந்தப் பல்லும் சிரிப்பும் இருந்தா போதும், வேற யாரையாவது போட்டுக்கலாம்."

யாரையாவது. என் பல்லை மாட்டிக்கொண்டு, என் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு, யாரோ ஒருத்தி. வேண்டாம், நான் காட்டேரியாகவே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னது நானா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

கேதகியைப் பற்றிப் பேச மறந்துவிட்டேன். மறக்கவில்லை. பேசவில்லை.

டிசம்பர் 10 – செவ்வாய்

சிரிப்பு வரவில்லை.

இந்தப் படத்தில் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், செத்துச் சிரிக்கும் ஷாட். காலையிலிருந்து செத்துச் செத்துச் சிரித்தேன். கோப்ஜி ஜோக் சொன்னார், திட்டினார், கும்பிட்டார். எல்லாமே ஈறு காட்டும் சிரிப்பு. வினியோகஸ்தர்கள் அந்தச் சிரிப்புக்காகவே படத்தை வாங்கியிருக்கிறார்கள். அது இல்லாமல் நான் யார்? கறுப்பு அங்கி போட்ட வயசான பொம்பள.

என்ன குறைகிறது என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் வாய்விட்டுச் சொன்னேன், கேதகியை வரவழைத்துக் கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள் என்று.

டிசம்பர் 12 – வியாழன்

வந்தாள். இளைத்திருந்தாள், கன்னக்குழி இரண்டும் பள்ளமாகிவிட்டன. வேஷம் ஏதாவது கிடைக்கும் என்று நம்பி ஓடி வந்திருக்கிறாள். சும்மா நிற்கத்தான் கூப்பிட்டார்கள் என்றதும் முகம் ஒரு மாதிரி ஆனது. நின்றாள்.

நான் செத்தேன். "பிலோ, சிரி." கண்ணைத் திறந்தேன்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் அங்கி, என் மேலிருந்த விளக்கு, எனக்குக் குடை பிடித்த ஆள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் என் கண்ணுக்கு வந்தாள். அவள் உதட்டின் ஒரு பக்கம் மெதுவாக ஏறியது. நான் விழுவதைத் தினமும் வேண்டிக்கொள்கிறவளின் முகம். எனக்குத் தெரியாத முகமா அது? போன படம் முழுக்க என் கண்ணாடியில் இருந்ததுதானே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட் என்ற குரலுக்காகக் கிடந்தேன். வரவே இல்லை. தலையைத் திருப்பினால் கோப்ஜி என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராமேனும்தான்.

"முதல் பாகத்துல பிலோ இவளக் கடிச்சாதானே?" என்றார் கோப்ஜி, யாரிடமோ. "பல் டாக்டர் பட்டிவாலாவுக்குப் போன் போடு. இவளுக்கும் காட்டேரிப் பல் செய்ய அச்சு எடுக்கணும்."

டிசம்பர் 20 – வெள்ளி

மேக்கப் அறையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுவிட்டார்கள். செத்துச் சிரிக்கும் ஷாட் இப்போது இரண்டு பேருக்கும். முதலில் நான், பிறகு அவள். கடைசி ஃபிரேம் அவளுக்கு.

புதுப் பல் மாட்டியதால் அவளுக்கு எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, டீ குடிக்க முடியவில்லை. தவித்தாள். அவளே வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "நீங்க எப்படிக் குடிப்பீங்க பிலோ?"

பிலோ. ஸ்ட்ரா போட்டுக் குடி என்று காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். மதியம் டிபன் கேரியரைத் திறந்ததும் கோப்ஜி வறுவலைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு பேருக்கும் வைத்தார். இப்போதெல்லாம் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அவள் முகம் கழுவப் போனபோது அவளுடைய பல் டப்பாவைத் திறந்து, என்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவளுடையது நீளம். நெல்மணி அளவுதான், ஆனாலும் நீளம். நாளை காலை முதல் வேலையாக என் பல்லை எடுத்துக்கொண்டு பட்டிவாலாவிடம் போகப் போகிறேன்.