மெத்தை போட்ட லாரி

என்னங்க, பிள்ளைங்களைப் பார்க்கப் போகன்னு நீங்க மெத்தை போட்டு வச்ச லாரியை எடுத்துக்கிட்டுப் போறேன். என் தம்பி ரத்தினம் ஓட்டுறான். மீன்குழம்பு சட்டியில இருக்கு, சோறு மட்டும் வடிச்சுக்குங்க.

பொண்ணு கொடுத்த வீட்டுல தங்கக்கூடாதுன்னு போன மாசம் சுங்கை பாக்காப்புல நம்ம அஞ்சலை வீட்டு வாசல்ல, லாரிக்குள்ளேயே படுத்தோம். உள்ளே மருமகன் அவ தலையைச் சுவத்துல இடிச்ச சத்தம் நமக்குக் கேட்டுச்சு. நான் இறங்கப் போனேன், நீங்க கையைப் பிடிச்சு இழுத்து உட்கார வச்சீங்க.

இன்னிக்கு அந்த வீட்டுக்குள்ளேயே போறேன். தேங்காய் வெட்டுற பாராங் கத்தி மடியில இருக்கு. அவன் கையை ஓங்கினா, அதை வெட்டிப் போட்டுட்டுத்தான் அவளைக் கூட்டியாருவேன்.

மறந்துட்டேன். சோறு அவளுக்கும் சேர்த்து வடிங்க. நல்லா குழைய வடிங்க. ரத்தினம் நேத்து பார்த்துட்டு வந்தான், அவளுக்கு முன்பல்லு இல்ல.