தலையைக் கொடுத்த கதை

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று வழக்கம்போல ஒரே மூச்சில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பேன், ஆனால் இந்தத் தடவை அந்த முதல் நலத்தையே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா நலம், பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களை உடைக்கிற பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு எப்போதும்போல இருக்கிறாள். நான் ரொம்பவே நலம். எவ்வளவு நலம் என்று நான் சொல்ல வேண்டாம், இந்தக் காகிதத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்து எழுத்தைப் பார். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். கையெழுத்து போனில் தெரியாதே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போன வருஷம் உன் சான்றிதழ்களோடு ஒரு சீட்டு எழுதி அனுப்பினேன், அதைப் பார்த்துவிட்டு எறும்பு மையில விழுந்து எந்திரிச்சு நடந்த மாதிரி இருக்குப்பா என்று சிரித்தாய். நானும் சேர்ந்துதான் சிரித்தேன், ஆனால் அதற்குப் பிறகு பேனாவைத் தொடவில்லை.

ஆமாம், அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டுவிட்டேன். உடனே போனைத் தேடாதே, முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு. டாக்டர் முதலில் சொன்னபோதே உன்னிடம் சொன்னேன், மூளைக்குள் மெல்லிசாக ஒரு கம்பியை இறக்குவார்கள், நெஞ்சுக்கு மேலே தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரி, அதிலிருந்து போகிற கொஞ்சூண்டு மின்சாரம் கை நடுக்கத்தை அடக்கிவிடும் என்று. நாளெல்லாம் மெஷின்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற வேலை பார்ப்பவள், நீ துள்ளிக் குதிப்பாய் என்று நினைத்தேன். நீயோ பயந்துபோனாய். எங்க ஆபீஸ்ல தினமும் இதைத்தான்ப்பா பேசுறாங்க, இன்னும் கொஞ்ச காலத்துல மனுஷன் எங்க முடியுறான் மெஷின் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாதாம், அந்த வரிசையில நீங்களும் போய் நிக்கணுமா, எழுந்து வரும்போது நீங்க நீங்களாவே இருப்பீங்கன்னு யாரு உத்தரவாதம் தர்றது என்று கேட்டாய். அந்தக் கேள்வி எனக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் சவரக் கத்தியை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் கத்தரியோடு, யார் காதைக் கிள்ளிவிடுவோமோ என்று சலூனில் நின்ற ஆள் மட்டும் நானாகவா இருந்தேன்? சொன்னால் நீ அங்கே சாப்பிடாமல் தூங்காமல் கிடப்பாய் என்று அம்மாவும் நானும் பேசிவைத்துக்கொண்டுதான் மறைத்தோம். திட்டுவதாக இருந்தால் பாதியை அவளுக்கு ஒதுக்கு.

மனித குலத்தின் எதிர்காலம் பற்றி உன் ஆபீஸில் பேசுகிறார்கள் என்றாயே, நம் சலூனைவிட அதிகமாக அவர்கள் பேசிவிட முடியாது. கழுத்தில் துணியைக் கட்டினால் போதும், அவனவனுக்கு உலகத்தைப் பற்றிய கவலை வந்துவிடும். வங்கியில் இருக்கிற வழுக்கைக்காரர், கூடிய சீக்கிரம் விஞ்ஞானம் எல்லாக் குறையையும் தீர்த்துடும் பாருங்க என்பார், சொல்லிக்கொண்டே கண்ணாடியில் தன் உச்சந்தலையைப் பார்ப்பார். டாக்சிக்காரர், டிரைவர் இல்லாத கார் வந்துட்டா மனுஷ ஜாதியே வீட்ல உக்காந்து சுவத்தைப் பார்க்க வேண்டியதுதான் என்பார். இவர்கள் எல்லாருக்கும் மேலே நம் பிரளயம். அச்சகம் வைத்திருக்கிறாரே அவர்தான், பேப்பரில் எந்தச் செய்தியைப் படித்தாலும் அதில் உலகம் அழிகிற அறிகுறியைக் கண்டுபிடிப்பதால் கடையில் வைத்த பெயர். சவரம் செய்கிற மெஷின் ஒன்று வரப்போகிறதாம் என்று ஒரு நாள் பேச்சு வந்தது. பிரளயம் கொதித்துவிட்டார். கரண்ட்ல ஓடுற கைக்கு நான் ஜென்மத்துக்கும் தலையைக் கொடுக்க மாட்டேன்யா, அதுக்குக் கூச்சம் இருக்கா, பயம் இருக்கா, நாளைக்கு இவன் மூஞ்சில முழிக்கணுமேங்கிற நெனப்பு இருக்கா என்றார். நானும் பலமாகத் தலையாட்டினேன். அப்போது என் கை நன்றாக இருந்தது. நடுக்கம் வந்த பிறகு அதே பேச்சு வந்தால் நான் சத்தமில்லாமல் மெஷின் பக்கம் சாய ஆரம்பித்தேன், பாவம் அதுவும் கத்துக்கட்டுமே என்று. அவரவருக்கு எங்கே வலிக்கிறதோ அங்கேதான் அவரவர் எதிர்காலமும் இருக்கிறது போல, நான் மட்டும் விதிவிலக்கா என்ன.

ஆபரேஷனுக்கு மொட்டை அடிக்க வேண்டும் என்றார்கள். ஊருக்கெல்லாம் தலையைச் சீவிவிட்டவனுக்கு ஆஸ்பத்திரியில் யாரோ வந்து பரபரவென்று மெஷினை ஓட்டிவிட்டுப் போவதா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முதல் நாளே வீட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கத்தியை அம்மா கையில் கொடுத்தேன். ஆய்வுக்கூடத்தில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிற கை, துளி ஆடவில்லை. தலையை ஆட்டாதீங்க, பேசாதீங்க, நீங்க உங்க கஸ்டமர்கிட்ட பேசுற மாதிரி நான் பேச மாட்டேன் என்றாள். கல்யாணத்தன்னைக்கே உன்கிட்ட தலையைக் கொடுத்தாச்சு, இன்னைக்கு என்ன புதுசா என்றேன். பின்னந்தலைக்குப் போனபோது அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கும் பயம்தான், மறைப்பானேன்.

ஆபரேஷனில் வேடிக்கை என்னவென்றால், தலை மரத்துப்போகத்தான் ஊசி போட்டார்கள், ஆளைத் தூங்கவிடவில்லை. முழித்துக்கொண்டு பேச வேண்டும், அப்போதுதான் கம்பி சரியான இடத்துக்குப் போயிருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியுமாம். பேசச் சொல்லி என்னிடம் ஒருவர் கெஞ்சியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஏதாவது சொல்லுங்க ஐயா என்றார் டாக்டர். அவர் தொப்பிக்குக் கீழே தெரிந்ததைச் சொன்னேன், டாக்டர், உங்க கிருதா இடது பக்கம் இறங்கியிருக்கு, யாருகிட்ட வெட்டுனீங்க என்று. பக்கத்தில் நின்ற நர்சம்மா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். கையைத் தூக்குங்க என்றார் டாக்டர், தூக்கினேன், எப்போதும்போல ஆடியது. ஏதோ ஒன்றைத் திருப்பினார்கள். பொங்குகிற பாலை அடுப்பிலிருந்து இறக்கின மாதிரி கை அப்படியே அடங்கியது. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். ஐயா பேசுங்க, பேசுங்க என்கிறார் டாக்டர், நான் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சில வாரம் கழித்து மின்சாரத்தின் அளவைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். ஒரு அளவில் வைத்தபோது நாக்கு குழறிப் பேச முடியாமல் போனது. அம்மா டாக்டரிடம், இதுலயே வெச்சிடுங்க, வீடு நிம்மதியா இருக்கும் என்றாள்.

புண் ஆறி, மொட்டையில் அரிசி அளவு முடி முளைத்ததும் கடையைத் திறந்தேன். எல்லாருக்கும் விஷயம் தெரியும், எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். டிராயரைத் திறந்து கத்தியை எடுத்து, யாருக்கு என்றேன். வங்கிக்காரருக்கு வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு வந்தது திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. டாக்சிக்காரர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார். யார் மேலும் எனக்குக் கோபமில்லை, ஆனால் நீ கேட்டாயே நீங்க நீங்களாவே இருப்பீங்களா என்று, அந்தக் கேள்வியைத்தான் அவர்களும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது பிரளயம் எழுந்தார், நாற்காலியில் வந்து உட்கார்ந்து தாடையைத் தூக்கிக் காட்டினார். கரண்ட்ல ஓடுற கைக்குத் தலையைக் கொடுக்க மாட்டேன்னீங்களே என்றேன். கரண்ட் எதுல வேணா ஓடட்டும்யா, கூச்சமும் பயமும் உன்னோடதுதானே, நாளைக்கு என் மூஞ்சில நீதானே முழிக்கணும், வை கத்தியை என்றார். சொன்னாரே ஒழிய, நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வழித்தேன். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்குப் போனபோது பிடி தளர்ந்து, கடல் மட்டம் ஏறுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நுரை தெறித்துவிட்டது என்று துண்டால் துடைத்துக்கொண்டேன்.

எல்லாம் சர்க்கரையாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். படுக்கும்போது அந்தப் பேட்டரியை ஒரு சின்ன ரிமோட்டால் அணைத்துவிடுவேன். ஒரு நாள் காலையில் போட மறந்து டீயைத் தூக்கினேன், சட்டையெல்லாம் டீ. ஆடுகிற கை என்னுடையதா ஆடாத கை என்னுடையதா என்று சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். கொட்டுனது நீங்க, தொடைக்கிறது நான், இதுல எந்த விஞ்ஞானமும் எதையும் மாத்தலை, எந்திரிங்க என்றாள் அம்மா. உன் ஆபீஸில் அடுத்த தடவை மனிதனின் எதிர்காலம் எப்படி இருக்கும் என்று பேச்சு வந்தால், எங்கப்பா மாதிரி இருக்கும், கொஞ்சம் அதிகமாப் பேசும் என்று சொல்லிவை. நல்லதா கெட்டதா என்று அவர்களே முடிவு பண்ணிக்கொள்ளட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். மெஷின்களோடு பேசுகிற நேரத்தில் பக்கத்து மேஜைப் பெண்ணோடும் ரெண்டு வார்த்தை பேசு. நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இரு தாயி, அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. போன தடவை வந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்து முன்முடியை வெட்டச் சொன்னாய். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிவிட்டது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, அங்க இப்ப இதுதாம்ப்பா பேஷன் என்றாய். சொல்லும்போது நீ பார்த்தது முடியை இல்லை, என் கையை. அதற்குப் பிறகு அனுப்பிய போட்டோ எல்லாவற்றிலும் தொப்பி போட்டிருக்கிறாய், அப்பனுக்குத் தெரியாதென்று நினைத்தாயா. லீவு கிடைத்ததும், அங்கே யாரிடமும் தலையைக் கொடுக்காமல், முடியை நன்றாக வளர்த்துக்கொண்டு வா. பேஷன் எல்லாம் வேண்டாம், நேராகவே வெட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய அப்பா