ஒலுஃப் எப்பசனின் காலடியில் இருப்பது நாய் அல்ல

அனுப்புநர்:
வேலுப்பிள்ளை குணசேகரம்,
(ஓஸ்கெல் தேவாலயத்தின் முன்னாள் துப்புரவுப் பணியாளர்)
பிரெடெரிசியா.

பெறுநர்:
தலைமைப் பரிசோதகர் அவர்கள்,
பழைய தேவாலயங்களின் கற்சிற்பப் பாதுகாப்புப் பிரிவு.

விடயம்: ஓஸ்கெல் தேவாலயத்திலுள்ள எல்லைப் பிரபு ஒலுஃப் எப்பசனின் கல்லறைக் கல்லில் ஒக்டோபர் 14 அன்று தொடங்கவிருக்கும் திருத்த வேலையை நிறுத்தி, கல்லின் அடிப்பகுதியை மீண்டும் பார்வையிடக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய அம்மணி,

மேற்படி கல்லுக்கு எண்ணெய் பூசியது ஏன் என்று விளக்கம் கேட்டுத் தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. விளக்கத்தைச் சொந்த மொழியில் எழுதலாம் என்று அதில் இருந்தபடியால் தமிழில் எழுதுகிறேன். முப்பத்தொன்பது வருடங்களாக டேனிஷ் மொழியில் வேலை செய்திருக்கிறேன். ஆனால் அந்த மொழியில் எனக்கு வேலை செய்யத்தான் தெரியும், மன்றாடத் தெரியாது. என் தமக்கையின் மகள் நிறோஷினி இதை மொழிபெயர்த்துத் தருவாள். ஒரு வரியும் விடக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் என் குற்றம். கடந்த பதினொரு வருடங்களாக வெள்ளிக்கிழமைகளில், தரையைத் துடைத்து முடித்தபின், ஒலுஃப் பிரபுவின் கல்லுக்கு நல்லெண்ணெய் பூசி வந்தேன். எவரும் சொல்லிச் செய்யவில்லை. எங்கள் கோயில்களில் கல்லில் செய்த உருவத்தைக் காயவிடமாட்டோம். எண்ணெய்க் காப்புச் செய்வோம். பிரபுவோ வெப்பமூட்டிக்குப் பக்கத்துச் சுவரில் நிற்கிறார். மாரிக் குளிர்காலத்தில் அவருடைய உதடு வெடித்து, கன்னம் வெளிறிப் போய்விடும். வாளியும் துணியுமாக அவருக்கு முன்னால் நாள்தோறும் போய்வருகிற எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவர் சாமி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் காய்ந்து போவதற்குச் சாமியாக இருக்கவேண்டும் என்றில்லையே.

எண்ணெய் கல்லின் நுண்துளைகளை அடைத்து ஈரத்தை உள்ளே பூட்டிவிடும் என்பதைத் தங்கள் நிபுணர் சொன்ன பிறகுதான் அறிந்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். வேலையிலிருந்து என்னை நிறுத்தியதையும், தேவாலயத்துக்குள் வரக்கூடாது என்று சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். என் புகார் அதைப் பற்றியதல்ல.

2. என் புகார், வாசலில் வைத்திருக்கும் துண்டுப் பிரசுரத்தின் கடைசி இரண்டு வரிகளைப் பற்றியது. அந்தப் பிரசுரம் எனக்கு மனப்பாடம். பிரபுவின் பாட்டனார் நீல்ஸ், ஆற்றுத் துறையைக் காக்கும் பொறுப்புடன் மன்னரிடம் நிலம் பெற்றவர். தகப்பனார் எப்ப நீல்சன் அந்த நிலத்தில் செங்கல் வீடு கட்டினார். ஒலுஃப் எப்பசனின் காலத்தில் ஆற்றின் வடகரை மன்னருடையது, தென்கரை கோமகனுடையது. தெற்கே சந்தைக்குப் போகும் மாட்டு மந்தைகள் எல்லாம் அவருடைய துறையால்தான் ஆற்றைக் கடந்தன. காலையில் மன்னரின் ஆட்கள் வந்து நீ யார் பக்கம் என்று கேட்பார்கள். மாலையில் கோமகனின் ஆட்கள் வந்து அதையே கேட்பார்கள். அவர் இருவருக்கும் சத்தியம் செய்து கொடுத்தார். பிரசுரம் அவரை நம்பத்தகாதவர் என்கிறது. எங்கள் ஊரில் இராணுவத்தின் காவலரணுக்கும் போராளி இயக்கத்தின் காவலரணுக்கும் நடுவில் குடியிருந்தவன் என்ற முறையில், அந்தச் சொல்லை எழுதியவர் எல்லையில் ஒரு கிழமையாவது இருந்து பார்த்தவரல்லர் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு பக்கத்தார் பிரபுவின் மாடுகளைக் கொண்டுபோனார்கள், மறுபக்கத்தார் வீட்டை எரித்தார்கள்.

அதன்பின் வருகின்றன அந்த இரண்டு வரிகள். ஒன்று: '1421இல் பிள்ளைகள் இன்றி இறந்தார், வம்சம் அவருடன் முடிந்தது.' மற்றது: 'காலடியில் இருப்பது விசுவாசத்தைக் குறிக்கும் நாய்.'

3. இவ்வருடம் பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், எண்ணெய் பூசி முடித்த நேரத்தில் தெற்கு யன்னலால் வெயில் வந்தது. மாரி வெயில் அங்கே மிகவும் தாழ்வாக, நிலத்தைத் தடவிக்கொண்டு வரும். காய்ந்த கல்லில் தெரியாதவை எல்லாம் எண்ணெய் பட்ட கல்லில் அந்த வெயிலில் எழும்பி நின்றன. நாயின் காதுகள் என்று நான் பதினொரு வருடங்கள் துடைத்துவந்தவை இரண்டு பின்னல்கள். பிரபுவின் மேலங்கி ஓரத்தை ஒரு கை பிடித்திருந்தது. அதில் ஐந்து விரல்கள் இருந்தன. நாய்க்குப் பின்னலும் இல்லை, அப்படி விரலும் இல்லை.

என் கண்ணை மட்டும் நம்பி எழுதவில்லை. பல் வைத்தியரிடம் கூட்டிப்போக அன்று என் மனைவி கமலாதேவி காரில் வந்திருந்தார். என்னைக் காணாமல் உள்ளே வந்தவர் கல்லைப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நாயெண்டு ஆர் சொன்னது? உது பொம்பிளைப் பிள்ளையெல்லே. தேப்பனை விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்குது." பிறகு அவர் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். அன்று நாங்கள் பல் வைத்தியரிடம் போகவில்லை.

பங்குச் சபைத் தலைவியிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷி. கோப்பி ஊற்றித் தந்து, "குணா, எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளிலிருந்து அது நாய்தான்" என்றார். மே மாதத்தில் எண்ணெய் விடயம் பிடிபட்டது. அதன்பின் நான் சொல்லும் எதற்கும் மதிப்பில்லாமல் போயிற்று.

4. அலுவலகங்கள் கனவுகளைப் பதிவு செய்வதில்லை என்பதை அறிவேன். எனினும் மறைக்க விரும்பவில்லை. மத்தியானத்தில் வேலை முடிந்து, பின்வரிசை வாங்கில் இருந்து தேநீர் குடிக்கும்போது கண் அயர்ந்துவிடும். அப்போது தேவாலயம் இருக்காது. பனிமூட்டத்துக்குள் ஆறு அகன்று கிடக்கும். மாடுகள் வயிறளவு தண்ணீரில் சத்தமே இல்லாமல் கடந்துகொண்டிருக்கும். பிரபு கவசம் இல்லாமல், சட்டைக் கையை மடித்துவிட்டு நடு ஆற்றில் நிற்பார். பிள்ளை அவருடைய தோளில் இருந்தபடி ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். இரண்டு கரைகளும் தெரியாது. அவர் திரும்பி என்னிடம், "தம்பி, எந்தக் கரையிலை இவளை இறக்கிறது?" என்று கேட்பார். அவர் தமிழ் கதைப்பது எனக்கு ஒருபோதும் புதினமாகத் தோன்றியதில்லை. பதிலும் எனக்குத் தெரிந்திருக்கும். சொல்ல வாயெடுக்கும்போது விழிப்பு வந்துவிடும். மடியில் தூசி உறிஞ்சியின் குழாய் கிடக்கும்.

இந்தப் பெப்ரவரியில்தான் அந்தப் பிள்ளை கல்லிலும் இருக்கிறாள் என்று கண்டேன். கனவு அதற்கும் பல வருடங்கள் முந்தியது.

5. தற்போது நடக்கப்போவது என்னவென்றால், தங்கள் நிபுணரின் அறிக்கைப்படி எண்ணெயும் ஈரமும் சேர்ந்து கல்லின் அடிப்பகுதியை உதிரச் செய்கின்றன. ஆகையால் 'உருவம் தெளிவற்ற நாய்ப் பகுதி' சுரண்டப்பட்டு, சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பி மட்டமாக்கப்படும். அதன்பின் எந்த வெயிலும் அவளைக் காட்டாது. அவளைக் காட்டியதும் என் எண்ணெய், அழிக்கப்போவதும் என் எண்ணெய். இதில் வேறு எவரையும் நான் குறைசொல்ல வழியில்லை. அதனால்தான் எனக்கு நித்திரை கெட்டுப்போயிற்று.

6. இதை வாசித்துக்கொண்டு வந்த நிறோஷினி, அறுநூறு வருடத்துக்கு முந்திய பிள்ளைக்காக ஏன் மாமா இப்படி அல்லாடுகிறீர்கள் என்று டேனிஷில் கேட்டாள். தாங்களும் கேட்கக்கூடும். அவளுக்கும் உரிய பதிலை இங்கேயே எழுதுகிறேன். அவள் மொழிபெயர்க்கும்போது அறிந்துகொள்ளட்டும்.

1986ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நானும் மனைவியும் இந்த நாட்டில் வந்து இறங்கினோம். ஓர் அதிகாரி படிவத்தை வைத்துக்கொண்டு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இல்லை என்றேன். எங்கள் மகள் கஜந்தி அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பு, நான்கு வயதில், ஷெல் விழுந்து இறந்திருந்தாள். 'இருந்தாள்' என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அதிகாரி ஒரு சுழியம் போட்டார். அவர் மேல் பிழை இல்லை. அதன்பின் எங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. அந்தச் சுழியமும் எந்தப் படிவத்திலும் மாறவில்லை.

ஒலுஃப் பிரபுவுக்கும் இப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து. வீடு எரிந்த பிறகு யாரோ ஓர் எழுத்தர் வந்து பிள்ளைகள் உண்டா என்று கேட்டிருப்பார். அவர் இல்லை என்றிருப்பார். கல் செதுக்க வந்தவனிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே பின்வருவனவற்றைச் செய்துதருமாறு மன்றாடுகிறேன்:

அ) ஒக்டோபர் 14 வேலையை நிறுத்திவைத்தல். பெப்ரவரி வெயில் வரும்வரை பொறுக்க முடியாதென்றால், ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, வெறும் தண்ணீரால் கல்லை நனைத்துப் பார்த்தாலே போதும். நான் உள்ளே வரமாட்டேன். வெளியே நிற்கிறேன்.

ஆ) அவளைக் கண்டால், உதிரும் இடத்தை அவளுடைய உருவம் கெடாமல் இறுகச் செய்தல். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

இ) பிரசுரத்தின் அந்த இரண்டு வரிகளையும் நீக்குதல். அவளுடைய பெயர் எவருக்கும் தெரியாது. எனினும் அந்தக் காலத்தில் இந்த நாட்டாரும் எங்களைப் போலத் தகப்பன் பெயரைச் சுமந்தவர்கள். 'ஒலுஃப்ஸ்டாட்டர்', அதாவது ஒலுஃபின் மகள் என்று எழுதினால் அதில் பிழையே வராது.

மேலும் ஒன்று. இந்த மனுவைத் தங்கள் அலுவலகத்தில் பதியும்போது, அனுப்பியவரின் குடும்ப விபரம் கேட்கும் கட்டம் ஏதும் இருக்குமானால், பிள்ளைகள் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதிவிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பிரெடெரிசியா
திகதி: 22 செப்ரெம்பர் 2025

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
வே. குணசேகரம்