லயத்துக் கல்யாணத்தில் சீஸ் பெட்டிஸ்

24.05.1957, வெள்ளி

காலை முதல் தூறல். பதினொரு மணிக்கும் மூடுபனி விலகவில்லை. பங்களா அடுப்புக்கு மீண்டும் ஈர விறகு. இரண்டு முறை சொல்லியாயிற்று.

மரகதத்தின் திருமணத்துக்கு இன்னும் ஒன்பது நாட்கள். ஜூன் 2, ஞாயிறு, கா. 9.10க்கு மேல் 10.20க்குள். என் கடைக்குட்டி. மாப்பிள்ளைக்கு வட்டகொடைப் பக்கம் தொழிற்சாலை வேலை. குறையொன்றும் இல்லை, தலைமுடியை மட்டும் சற்று ஒழுங்காக வாரலாம்.

இன்று முடிவு செய்தது: திருமணத்துக்கு வருகிறவர்கள் அனைவருக்கும் தேநீரோடு சீஸ் பெட்டிஸ், மடித்த மாவுக்குள் சீஸ் வைத்துச் சுடுவது. முப்பத்து நான்கு ஆண்டுகளாகப் பங்களாச் சமையற்காரனாக, எல்லாருக்கும் 'அப்பு'வாக, துரைமார் விருந்துகளுக்குச் செய்து அனுப்புகிறேன். நம் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் அதை வாயில் வைத்ததில்லை. என் மகளும் வைத்ததில்லை. இதற்கு மேல் காரணம் எழுத வேண்டியதில்லை.

வாங்க வேண்டியவை:
கோதுமை மா (சலித்தது போல் இருந்தாலும் மறுபடி சலிக்க வேண்டும்)
வெண்ணெய், உப்பில்லாதது
சீஸ், சிவப்பு மெழுகு பூசிய உருண்டை, மூன்று
மிளகு, கடுகுத்தூள்
மேலே பூச முட்டை வேண்டாம், கல்யாண வீடு. பால் போதும்.

25.05.1957, சனி

லிந்துலைக்கு நடந்தே சென்று வந்தேன். வலது முழங்கால் முறையிடுகிறது. காசிம் நானா கடையில் உருண்டைகள் இருந்தன.

"இந்தச் செகப்பு உருண்டய பங்களாவத் தவிர ஒருத்தரும் கேட்டதில்லியே, அப்பு. தொரசாணிக்கா?"

"எனக்கு."

நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெரிய பிஸ்கட் தகரம் ஒன்றையும் சும்மா கொடுத்தார். லயத்தில் சூளையடுப்பு ஏது? தகரத்துக்குக் கீழே தணல், மூடிமேல் தணல். அதுவே சூளை.

26.05.1957, ஞாயிறு

காற்று. யூக்கலிப்டஸ் கிளை ஒன்று முறிந்து கோழிக் கூட்டின்மேல்.

கா. 10.40க்குத் துரைசாணி அழைத்தார்கள். ஜூன் 2 மாலை மேலதிகாரித் துரை கொழும்பிலிருந்து வருகிறாராம். முப்பது பேருக்குத் தேநீர் விருந்து. "அவருக்கு உன் சீஸ் பெட்டிஸ் ரொம்பப் பிரியம், அப்பு."

அன்று என் மகள் திருமணம் என்றேன். ஏப்ரல் 3, புதன், கா. 11.15க்குச் சாமான் அறை வாசலில் தெரிவித்தேன். அப்போது "சரி, சரி" என்றார்கள். இந்தக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது.

"கல்யாணம் அடுத்த ஞாயிறு வை."

"முடியாதுங்க."

பூச்சாடியில் பூவை அடுக்கிக்கொண்டே சொன்னார்கள், கோபமாகக்கூட அல்ல: "ஞாயிறு நீ வராட்டி, திங்களும் வர வேணாம்."

வேலை போனால் பங்களாவுக்குப் பின்னால் உள்ள என் அறையும் போகும். தெரியும்.

11.09.1949, மூத்தவன் திருமணம். அதுவும் ஞாயிறு. தாலி கட்டிய நேரத்தில் நான் பங்களாவில் சாண்ட்விச்சுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். ஓடிப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பந்தி. என் மனைவி, இன்று இல்லாதவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இலை போட்டாள். ஏசியிருந்தால் மறந்திருப்பேன். இந்த முறை நான் மணவறைக்குப் பக்கத்தில் நிற்பேன். அவ்வளவுதான்.

28.05.1957, செவ்வாய்

மழை. பெரிய கங்காணி என் அறைக்கே வந்தார். வந்தது நலம் விசாரிக்க அல்ல.

"அப்பு அண்ணே, பொழப்பப் பாருங்க. வைகாசியில இன்னும் ரெண்டு முகூர்த்தம் கெடக்கு."

"ஒங்க மக கல்யாணத்த எத்தன தடவ மாத்துனீங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"தொரசாணி மொகம் சுண்டுனா லயத்துக்கே கஷ்டம்ண்ணே. அதோட, நம்ம சனத்துக்கு எதுக்கு சீஸு? சவுக்காரக் கட்டியத் திங்கச் சொல்றாருன்னு சிரிப்பாங்க. ஆமா, அது என்ன, பங்களா அலமாரியிலேருந்து நழுவி வந்ததோ?"

கடைச் சிட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். பார்த்தார். வாசலில் துப்பிவிட்டுப் போனார். வாசலைக் கழுவினேன்.

மாலை மரகதம் வந்தாள். கொழுந்துக் கூடையோடு, நனைந்து.

"அப்பா, தாலி கட்டுனதும் நீங்க மேல பங்களாவுக்குப் போயிருங்களேன். பார்ட்டி சாயங்காலந்தானே."

"முப்பது பேரு விருந்துக்கு விடியக்காலையிலருந்தே அங்க அடுப்படியில நிக்கணும். அது ஒரு மணி நேர வேலை இல்ல."

"அப்ப ரூம விட்டுட்டு எங்க இருப்பீங்க?"

"ஒங்க அண்ணன் வீட்டுல."

"அங்க ஏற்கனவே எட்டுப் பேருப்பா."

"ஒன்பது ஆகட்டும்."

சிரித்தாள், அழுதாள். எது முதலில் என்று சரியாகக் குறிக்க முடியவில்லை.

30.05.1957, வியாழன்

பி.ப. 2 முதல் 5 வரை எனக்குரிய ஓய்வு. லயத்தில் வெள்ளோட்டம். தோல்வி.

மாவில் வெண்ணெயை விரல் நுனியால் மட்டும் உதிர்க்க வேண்டும். உள்ளங்கைச் சூடு படக்கூடாது. தேய்த்து, மூன்றாக மடித்து, குளிரில் வைத்து, மறுபடி தேய்த்து. நான்கு முறை. பங்களாவில் ஐஸ் பெட்டி உண்டு. இங்கே பானையில் இட்டு மூடிப் பீலிக் குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் வைத்தேன். நம் மலைத் தண்ணீர் அதைவிட மோசமில்லை. தகரத்தில் தணல் போடத் திரும்பினேன். அடுத்த வீட்டு மூக்காயி, நல்லெண்ணத்தோடு, பானையைத் தூக்கி அடுப்படியில் வைத்து ஈரத் துணியும் போர்த்திவிட்டாள்.

"ரொட்டி மாவு வெதுவெதுப்புல ஊறுனாத்தானே பதமா வரும், பெரியப்பா?"

வெண்ணெய் முழுவதும் உருகி மாவு சேறாகிவிட்டது. சற்றுக் கடுமையாகப் பேசினேன். அவள் அதைவிடக் கடுமையாகப் பேசினாள்: "பாக்க சோமாசியாட்டம் இருக்கு. பேசாம எண்ணெயில போட்டா அஞ்சு நிமிசம். இதுக்குப் போயி குளிப்பாட்டித் தூங்க வச்சுக்கிட்டு!"

ஆயினும் ஒன்று. பங்களாவில் விளிம்பை முட்கரண்டியால் அழுத்துவேன். இங்கே மூக்காயி சோமாசிக்குச் செய்வதுபோல் விரலால் கொசுவிக் கொசுவி மூடினாள். முட்கரண்டியால் அவ்வளவு அழகு வராது. அவளிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை சொல்லலாம்.

01.06.1957, சனி

மழை ஓய்ந்தது. கா. 5.30 முதல் பங்களா வேலை எல்லாம் முறைப்படி: சூப், இரவு உணவுக்கான கறி, நாளைக்கு ரொட்டி. யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது.

பி.ப. 2க்கு லயம். மாவு சரியாக வந்தது. மூக்காயியோடு ஆறு பெண்கள். சீஸைத் துருவியவர்கள் மோந்து பார்த்து முகம் சுளித்தார்கள். ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டே துருவினாள். மிளகும் பச்சை மிளகாயும் சேர்ந்ததும் சுளிப்பு நின்றது. விளிம்பு பற்றி மூக்காயியிடம் சொல்லிவிட்டேன். "இத சொல்ல ரெண்டு நாளா?" என்றாள்.

மா. 5.05க்குத் துரைசாணியிடம்: "நாளைக்கு வரமாட்டேனுங்க."

"நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

02.06.1957, ஞாயிறு

வெயில்! ஜூனில்!

விடியற்காலை ஐந்து முதல் சுட்டோம். தகரம் ஒன்றுதான், ஆகவே தவணை தவணையாக. முதல் தவணை அடி கறுப்பு. தணலைக் குறைத்தேன். பிறகு எல்லாம் பொன்னிறம், மடிப்பு மடிப்பாக.

தாலி கட்டியது கா. 9.32. நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். எல்லாவற்றையும் பார்த்தேன். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதைப் பார்த்தேன். மரகதம் தலை குனிந்திருக்க வேண்டிய நேரத்தில் நிமிர்ந்து என்னைத் தேடினாள். இருந்தேன்.

கேட்டவை:
"இதத் திங்கத்தான் தொரமாருக கப்பலேறி வந்தாங்களா?"
"இன்னொன்னு குடுங்க, அப்பறம் முடிவு சொல்றேன்."
"மாடு கீடு சேர்த்திருக்கா, அப்பு?" (இல்லை. பால்தான். ஏழு பேருக்கு ஏழு முறை சொன்னேன்.)
சம்பந்தி அம்மாள்: "பொண்ணுக்கும் இது செய்ய வருமா?" வராது என்றேன். "அப்பனுக்கு வரும். வேணும்னா என்னையக் கூப்பிடுங்க."
பெரிய கங்காணி நான்கு தின்றார். இரண்டு கைக்குட்டையில். சவுக்காரம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வாய் நிறைய இருந்தது.

பி.ப. 3.40க்குப் பங்களா டிரைவர், கையில் வெள்ளித் தட்டு. அங்கே செய்தவை கருகிவிட்டனவாம். மிச்சம் இருந்தால் முப்பது வேண்டுமாம். உடனே.

மிச்சம் இருந்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கங்காணி கண்ணால் கெஞ்சினார்.

"கல்யாணப் பலகாரம் வந்தவங்களுக்குத்தான். தொரைய இங்க வரச் சொல்லு, பாய் போடுறேன். நீ வந்துட்ட, ஒக்காரு."

டிரைவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து தின்றான். வெறுந்தட்டோடு திரும்பினான்.

03.06.1957, திங்கள்

மறுபடியும் மூடுபனி. வர வேண்டாம் என்றார்கள், கா. 5.30க்குப் போனேன். நாமாக வேலையை விட்டு நின்றோம் என்ற பேச்சு வரக்கூடாது. அடுப்பை மூட்டித் தேநீர் கொண்டு சென்றேன்.

துரைசாணி தேநீரைத் தொடவில்லை. சாவிக்கொத்தைக் கேட்டார்கள். கொடுத்தேன். அறையை மாலைக்குள் ஒழிக்க வேண்டும். சரி. பெட்டி ஒன்று, பாய் ஒன்று, முருகன் படம்.

கண்டியிலிருந்து புதிய சமையற்காரர் வருகிறாராம், தமிழ் படிக்கத் தெரிந்தவராம். தாளும் பென்சிலும் என் முன்னால் நகர்ந்தன. சீஸ் பெட்டிஸ் செய்முறையை எழுதிக் கொடுத்தால் நற்சான்றுக் கடிதம் தருவார்களாம். அது இல்லாமல் இந்த வயதில் எந்தப் பங்களாவிலும் வாசற்படி ஏற முடியாது.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க" என்றேன்.

நம்பிவிட்டார்கள்.