மார்கழிக்குத் தடிப்பு வெட்சூட்

வாசலில் கேப் மூன்றாம் முறையாக ஹாரன் அடித்தது. கோகிலவாணி ஒற்றைச் செருப்போடு நின்று, பிரிட்ஜ் கதவில் காகிதத்தை அழுத்திக் கிறுக்கினாள். நேற்றுப் போட்ட சண்டையில் முகம் திருப்பிக்கொண்ட கணவன் சிவகுமார் இன்னும் போர்வைக்குள்ளேதான் இருந்தான்.

“மாமா, ஸ்கூலுக்கு லேட்டாயிடுச்சு. இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. போகும்போது சாவியை எதிர்வீட்டு அக்காகிட்ட குடுங்க.

கோவளத்துல அலைக்குள்ள நின்னு தூண்டில் போடாம இருக்க மாட்டீங்கன்னு தெரியும். உடம்போட ஒட்டுற அந்த மெல்லிசு ரப்பர் வெட்சூட்டைத் தேடாதீங்க, ஒளிச்சு வெச்சுட்டேன். அது சித்திரைக்குச் சரி. மார்கழி வாடைக்காத்துல, இடுப்பளவு தண்ணியில ரெண்டு மணி நேரம் நின்னா விரல் விறைச்சுடும். தடிப்பு சூட் கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கு. போட்டா குண்டாத் தெரியுதுன்னு கத்துனீங்களே, தெரியட்டும். அங்க உங்களை யாரு மாப்பிள்ளை பார்க்க வர்றாங்க?

கரையேறினதும் போன் பண்ணுங்க. அதுவரைக்கும் எனக்குப் பாடம் நடத்த மனசு ஓடாது.

பி.கு: தடிப்பு சூட் ஆளைத் தண்ணியில தூக்கிப் பிடிக்குமாம். அதுக்குத்தான் வாங்குனேன்.

இன்னொண்ணு. போன வாரம் அலை தூண்டிலை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சுன்னு மட்டும்தான் சொன்னீங்க. தூண்டிலோட உங்களையும் இழுத்துக்கிட்டுப் போனதை, முடியைப் பிடிச்சு உங்களைக் கரையேத்துன ஏகநாதன் அண்ணாவே என்கிட்ட சொல்லிட்டாரு.”