தண்ணி ஊத்தாதீங்க, அண்ணி

இன்று காலை மாடிக்குப் போனதும் அழுகல் நாற்றம். உங்கள் உருண்டைக் கள்ளித் தொட்டியிலிருந்துதான். விரலால் தொட்டேன். நடுவிலிருந்த தாய் உருண்டை பழுத்த தக்காளி மாதிரி அமுங்கியது. சுற்றி நெருக்கியடித்துக்கொண்டிருந்த குட்டிகளிலும் சில மஞ்சளாகிவிட்டன. நெஞ்சடைத்து நீங்கள் போன அன்றைக்குக்கூட அது நன்றாகத்தான் இருந்தது. இதையாவது காப்பாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

யார் செய்தது என்று தேட வேண்டியதில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு சொம்பு ஊற்றிவிட்டார்கள். இங்கேயே தங்கிவிட்ட குன்னத்து அண்ணி, உங்கள் அக்கா, தினமும் ஊற்றியிருக்கிறார். மழையை நம்பி வெள்ளாமை செய்கிறவர்களுக்குக் காய்ந்த மண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனசு வராது. "பாவம், செடிக்குத் தண்ணி ஊத்தக்கூட ஆளில்ல பாரு" என்று என் காதுபட வேறு சொன்னார்கள். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. சோறு போட்டால் தின்றேன், படுக்கச் சொன்னால் படுத்தேன்.

நீங்கள் மட்டும் என்னவாம்? முதல் கள்ளியைக் கொல்லைக் கரிசலில் நட்டு, லாரி டிரிப் முடிந்து வரும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கொன்றவர்தானே! அப்புறம்தான் புத்தி வந்தது. ஆற்று மணல், உடைத்த செங்கல், கொஞ்சம் மக்கிய சாணி. தொட்டிக்கு அடியில் பெரிய ஓட்டை. காலை வெயில் போதும். மண் அடிவரை காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் தலையில் படாமல். மார்கழியில் அதுவும் கிடையாது. "கண்டுக்காம வுடு, அதுவா பூக்கும்" என்பீர்கள். வீட்டில் இருக்கிற ஒரே ஒரு நாளிலும் என்னைக் கண்டுகொள்ளாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர் பேசுகிற பேச்சா அது? ஆனால் தலையைச் சுற்றி வளையம் கட்டி ரோஸ் பூக்கள் விரிந்ததும் என்னைத்தான் முதலில் கூப்பிடுவீர்கள்.

அழுகாத குட்டிகளைத் திருகி எடுத்து நிழலில் பேப்பர் மேல் பரப்பினேன். அண்ணி சொம்போடு ஏறி வந்தார்.

"ஏம்புள்ள, இப்படிக் காயப் போட்டிருக்க? மண்ணுல வெச்சுத் தண்ணி ஊத்து."

"ஊத்தாதீங்க அண்ணி. இதுவும் வெங்காயம் மாதிரிதான். ஈரத்தோட பட்டறை போட்டா என்னாவும்?"

அவ்வளவுதான். சொம்பைக் கீழே வைத்துவிட்டார். வருஷா வருஷம் சின்ன வெங்காயத்தைக் காயவைத்து, காற்றோட்டமாகக் கீற்று வேய்ந்து பட்டறை போட்டு, விலை வரும்வரை காப்பாற்றுகிறவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அடப்பாவமே, நானா அழுக வுட்டேன்? தம்பி ஆசையா வளத்ததுன்னுதான் புள்ள ஊத்தினேன்."

இத்தனை நாள் சொல்ல முடியாததை அப்போதுதான் சொன்னேன். "அண்ணி, என்னையும் கொஞ்ச நாள் சும்மா வுடுங்க. எல்லாரும் தேத்தித் தேத்தியே அசந்து போயிட்டேன்."

கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் சொம்பை எடுத்துக்கொண்டார். பிறகு கீழே போய்ப் பையை எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். "கதவ சாத்திக்க. யாரு வந்தாலும் நாந்தான் சாத்தச் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

கதவைச் சாத்தினேன். ஊரார் முன்னால் ஒப்பாரி வைத்தபோதெல்லாம் வராத அழுகை அப்போது வந்தது. நடுவில் யாரும் கண்ணைத் துடைத்துவிடவில்லை. முடியும்வரை அழுதேன்.